தண்ணீர் வராத கிணறு

கிணறு வெட்டுவதைப் பற்றி நம் கிராமத்து மக்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேல் மண்ணை அள்ளுவார்கள். அடுத்துச் சரளை வரும். பிறகு பாறை வரும். ஈரம் கண்ணில் பட்டால் வெட்டுபவர் முகம் மலரும். ஊற்றுக்கண் திறந்துவிட்டால் ஊருக்கே கொண்டாட்டம். சில கிணறுகளில் எவ்வளவு வெட்டினாலும் தண்ணீர் வராது. போட்ட பணம் போனதுதான்.

இங்கே சொல்லப்போவதும் தண்ணீர் வராத ஒரு கிணற்றின் கதை. அந்தக் கிணறு பாலைவனத்தில் இல்லை. பனி கொட்டும் நாட்டில் இருக்கிறது. அங்கே மண்ணுக்குள் தண்ணீர் நிறைய உண்டு. ஆனாலும் அந்தக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

அது எப்படி?

ஷெர்கின் வெட்டிய கிணறு

ருஷ்ய நாட்டின் கிழக்குப் பகுதிக்குச் சைபீரியா என்று பெயர். அங்கே லேனா என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அதன் கரையில் யாகுட்ஸ்க் என்ற நகரம் இருக்கிறது. உலகில் மிகவும் குளிரான நகரங்களில் அதுவும் ஒன்று.

எவ்வளவு குளிர்? வெப்பத்தை டிகிரி என்ற அளவால் அளக்கிறோம். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். தண்ணீர் உறைந்து பனிக்கட்டி ஆவது சைபர் டிகிரியில். நம் ஊரில் சித்திரை வெயில் 40 டிகிரி இருக்கும். யாகுட்ஸ்கில் ஜனவரி மாதம் சைபருக்குக் கீழே 40 டிகிரி இருக்கும். சில நாள் அதற்கும் கீழே போகும். வெந்நீரை வெளியே வீசினால் கீழே விழுவதற்குள் பனித்தூளாகிவிடும்.

ஆனால் அங்கே கோடையும் உண்டு. ஜூலை மாதத்தில் 30 டிகிரியைத் தாண்டி வெயில் அடிக்கும். மரங்கள் தழைக்கும். கொசுக்கள் மொய்க்கும்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் பியோதர் ஷெர்கின் என்பவர் இருந்தார். அவர் ஒரு வணிகக் கம்பெனியின் கிளையை நடத்திவந்தார். குளிர்காலத்தில் ஆற்றின் மேல் கிடக்கும் பனிக்கட்டியை உடைத்துத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். அதைச் சுமந்து கொண்டுவர வேண்டும். வீட்டிலேயே ஒரு கிணறு இருந்தால் நல்லது என்று ஷெர்கின் நினைத்தார். 1828ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது.

மேல் மண் எளிதாக வந்தது. ஒன்றிரண்டு மீட்டர் இறங்கியதும் கடப்பாரை நின்றுவிட்டது. மண் பாறை போல் இறுகியிருந்தது. அது பாறை இல்லை. சாதாரண மண்ணும் மணலும்தான். மண்ணிலிருந்த ஈரம் உறைந்து, மண் துகள்களை ஒன்றோடு ஒன்று ஒட்டிவிட்டது. சிமெண்டு மணலைப் பிடிப்பதுபோல் பனிக்கட்டி மண்ணைப் பிடித்திருந்தது.

இந்த உறைந்த மண்ணைத் தாண்டினால் தண்ணீர் வரும் என்று ஷெர்கின் நம்பினார். 10 மீட்டர் போனார். 20 மீட்டர் போனார். மண் அப்படியேதான் இருந்தது. ஒரு கட்டத்தில் அவருக்கும் அலுத்துப்போனது. விட்டுவிட நினைத்தார். அப்போது விராங்கெல் என்ற கடற்படை அதிகாரி அந்த ஊர் வழியாக வந்தார். அவர் பயணம் செய்து நாடுகளை ஆராய்ந்தவர். "தண்ணீர் வராவிட்டாலும் பரவாயில்லை. இந்த உறைந்த மண் எவ்வளவு ஆழம் போகிறது என்று உலகம் தெரிந்துகொள்ளட்டும், தோண்டுங்கள்" என்ற பொருளில் அவர் ஊக்கம் கொடுத்தார்.

ஷெர்கின் தொடர்ந்தார். 1837ஆம் ஆண்டு வரை, ஒன்பது ஆண்டுகள் வேலை நடந்தது. ஆழம் 116 மீட்டரைத் தாண்டியது. டெல்லியில் உள்ள குதுப்மினார் 73 மீட்டர் உயரம். அதைக் கிணற்றுக்குள் இறக்கினால் உச்சிக்கு மேலே இன்னும் 43 மீட்டர் பள்ளம் மிச்சமிருக்கும்.

அத்தனை ஆழத்திலும் மண் உறைந்தே இருந்தது. தண்ணீர் வரவில்லை. ஷெர்கின் வேலையை நிறுத்திவிட்டார்.

கிணற்றுக்குள் வெப்பமானி

கிணறு வீணாகவில்லை. சில ஆண்டுகள் கழித்து மிடென்டார்ஃப் என்ற அறிஞர் யாகுட்ஸ்குக்கு வந்தார். அது 1844ஆம் ஆண்டு. அவர் கிணற்றுக்குள் இறங்கினார். பல ஆழங்களில் கிணற்றின் பக்கச் சுவரில் துளை போட்டார். ஒவ்வொரு துளையிலும் வெப்பமானியை வைத்தார். மண் எவ்வளவு குளிராக இருக்கிறது என்று அளந்தார்.

காய்ச்சல் வந்தால் நர்ஸ் நம் நாக்கின் அடியில் ஒரு கண்ணாடிக் குழாயை வைக்கிறாரே, அதுபோன்ற கருவிதான். மிடென்டார்ஃப் பூமிக்கு வெப்பம் பார்த்தார்.

மேலே குளிர் அதிகம். கீழே போகப்போகக் குளிர் குறைந்தது. அடியில், 116 மீட்டர் ஆழத்தில், சைபருக்குக் கீழே சுமார் 3 டிகிரி இருந்தது. இன்னும் கீழே போனால் ஓர் இடத்தில் சைபர் வரும். அங்கேதான் உறைந்த மண் முடியும். அது சுமார் 200 மீட்டர் ஆழத்தில் இருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஷெர்கின் பாதித் தூரத்தைச் சற்றுத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான்.

மண் ஏன் கீழே போகப்போக வெப்பமாகிறது? பூமியின் உள்ளே மிகுந்த சூடு இருக்கிறது. அந்தச் சூடு மெல்ல மெல்ல மேலே வருகிறது. கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆழத்தில் அவர்கள் வியர்வையில் குளித்துத்தான் வேலை செய்தார்கள். மேலிருந்து குளிர் இறங்குகிறது. கீழிருந்து சூடு ஏறுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் உறைந்த மண் முடிகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கோடையில் குளுகுளு என்று இருக்கும். மார்கழிக் காலையில் வெதுவெதுப்பாக இருக்கும். உண்மையில் தண்ணீர் மாறுவதே இல்லை. வெளியே காற்றுதான் மாறுகிறது. கோடையின் சூடும் குளிர்காலத்தின் குளிரும் மண்ணுக்குள் வெகு ஆழம் போவதில்லை. 10 முதல் 20 மீட்டருக்குக் கீழே ஆண்டு முழுவதும் ஒரே வெப்பம்தான். யாகுட்ஸ்கிலும் அப்படித்தான். அந்த ஆழத்தில் ஜனவரியா ஜூலையா என்று மண்ணுக்குத் தெரியாது. எப்போதும் சைபருக்குக் கீழே சில டிகிரி இருக்கும்.

இப்படி உறைந்த நிலத்தை உறைநிலம் என்று சொல்லலாம். குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது தொடர்ந்து சைபர் டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருந்தால்தான் அது உறைநிலம். ருஷ்ய நாட்டின் நிலத்தில் பாதிக்கு மேல் உறைநிலம் பரவியிருக்கிறது. கனடா, அலாஸ்கா, சீனாவின் திபெத் மேட்டுநிலம் ஆகிய இடங்களிலும் இருக்கிறது. சைபீரியாவில் ஓரிடத்தில் உறைநிலம் சுமார் 1,500 மீட்டர் ஆழம் போகிறது.

கோடையில் உறைநிலத்தின் மேல் தோல் மட்டும் இளகும். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் இளகும். அதில்தான் புல்லும் மரமும் வேர் விடுகின்றன. யாகுட்ஸ்கில் ஆண்டு மழை மிகக் குறைவு. ராஜஸ்தானில் உள்ள பிக்கானேர் அளவுக்குத்தான் மழை. ஆனாலும் அங்கே காடு அடர்ந்து நிற்கிறது. அடியில் உள்ள உறைந்த மண் தண்ணீரைக் கீழே இறங்க விடுவதில்லை. பெய்த மழை மேல் மண்ணிலேயே நிற்கிறது. உறைநிலம் இல்லையென்றால் அந்தக் காடு பாதி காய்ந்திருக்கும்.

ஏரிக்கு அடியில் என்ன இருக்கிறது?

இனி முக்கியமான விஷயம். உறைநிலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உறைந்திருப்பதில்லை. நடுவில் ஓட்டைகள் உண்டு. உறையாத மண் உள்ள இடங்கள் உண்டு. ருஷ்ய மொழியில் அதற்குத் தாலிக் என்று பெயர். உருகுவது என்ற பொருளில் வந்த சொல் அது. உலகம் முழுவதும் இன்று அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

தாலிக் எங்கே இருக்கும்? பெரும்பாலும் ஏரிக்கு அடியில் இருக்கும். ஆற்றுக்கு அடியில் இருக்கும்.

இதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். சைபருக்குக் கீழே 40 டிகிரி குளிரில் ஏரி முழுவதும் உறைந்துவிடாதா? உறையாது. அதற்குக் காரணம் தண்ணீரின் ஒரு விசித்திரக் குணம்.

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரக் கனமாகும். தண்ணீரும் 4 டிகிரி வரை அப்படித்தான். அதற்குக் கீழே குளிர்ந்தால் தண்ணீர் லேசாகிவிடும். உறைந்து பனிக்கட்டி ஆனால் இன்னும் லேசாகும். அதனால்தான் பனிக்கட்டி சர்பத்தில் மிதக்கிறது. ஏரியிலும் பனிக்கட்டி மேலே மிதக்கும். பானைக்கு மூடி போட்டதுபோல் ஆகிவிடும். அந்த மூடி ஒரு மீட்டர் தடிக்கும். ஒன்றரை மீட்டர் தடிக்கும். சைபீரியாவில் இரண்டு மீட்டர் வரைகூடத் தடிக்கும். அதற்கு மேல் குளிர் உள்ளே இறங்குவதற்குள் வசந்த காலம் வந்துவிடும்.

ஏரியின் ஆழம் ஒரு மீட்டர்தான் என்றால் அடி வரை உறையும். ஏரியின் ஆழம் நான்கைந்து மீட்டர் என்றால் அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். அந்தத் தண்ணீர் சைபருக்குக் கீழே போகாது. கோடையில் இன்னும் சூடாகும். ஆக, ஏரியின் தரை ஆண்டு முழுவதும் உறையாமல் இருக்கிறது. தரை உறையாவிட்டால் அதற்கு அடியிலுள்ள மண்ணும் மெல்ல இளகத் தொடங்கும். ஆண்டுக்கு ஆண்டு ஆழம் கூடும். ஏரிக்கு அடியில் ஒரு பெரிய கிண்ணம் போல் உறையாத மண் உண்டாகும். ஏரி மிகவும் அகலமாக இருந்தால் கிண்ணத்தின் அடியும் திறந்துவிடும். மேலிருந்து கீழ்வரை உறையாத ஒரு வழி உண்டாகிவிடும்.

ஷெர்கினின் கிணறு லேனா ஆற்றிலிருந்து வெகு தூரத்தில் இல்லை. ஆற்றின் படுகைக்கு அடியில் உறையாத மண் இருந்தது. அதில் தண்ணீர் இருந்தது. கரையில் 116 மீட்டர் தோண்டியும் கிடைக்காத தண்ணீர் அது. ஷெர்கினை யாரும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு இது எவருக்கும் தெரியாது.

உப்பாலும் தாலிக் உண்டாகும். குல்பி ஐஸ் செய்பவர் பனிக்கட்டியில் உப்புப் போடுவதைப் பார்த்திருக்கலாம். உப்புத் தண்ணீர் சைபர் டிகிரியில் உறையாது. இன்னும் குளிர வேண்டும். வட கடல் ஓரத்தில் சில இடங்களில் மண்ணுக்குள் உப்பு நீர் இருக்கிறது. மண் சைபருக்குக் கீழே இருந்தாலும் அந்த நீர் உறைவதில்லை.

அந்த ஊர் மக்களின் தண்ணீர்

யாகுட்ஸ்க் பகுதியின் பழங்குடி மக்களைச் சாகா மக்கள் என்பார்கள். மாடும் குதிரையும் வளர்ப்பவர்கள். வெளியூர்க்காரர் கிணறு வெட்டிக் களைத்தார். சாகா மக்கள் கிணற்றை நம்பவில்லை. ஏரியை நம்பினார்கள்.

குளிர்காலத் தொடக்கத்தில் ஏரியில் பனிக்கட்டி ஓரளவு தடித்ததும் ஊரே கிளம்பும். பனிக்கட்டியைச் செங்கல் போல் பெரிய பெரிய பாளமாக அறுப்பார்கள். வண்டியில் ஏற்றி வீட்டு வாசலில் அடுக்குவார்கள். வேண்டும்போது ஒரு துண்டை உடைத்து வீட்டுக்குள் உருக்கிக் குடிப்பார்கள். கோடைக்கு வேண்டிய பாளங்களை உறைநிலத்தில் தோண்டிய பாதாள அறையில் வைப்பார்கள். இறைச்சியும் மீனும் அங்கேதான். அந்த அறைக்குப் புலூஸ் என்று பெயர். மின்சாரமில்லாத குளிர்பெட்டி அது. இன்றும் பல கிராமங்களில் இந்த வழக்கம் இருக்கிறது.

தாலிக் சில இடங்களில் ஊற்றாகவும் வெளியே வருகிறது. யாகுட்ஸ்குக்குத் தெற்கே அப்படி ஓர் ஊற்று உண்டு. அதன் பெயரும் புலூஸ்தான். குளிர்காலம் முழுவதும் அதில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். வெளியே வந்த தண்ணீர் உடனே உறையும். அதன் மேல் இன்னும் தண்ணீர் வரும். அதுவும் உறையும். தோசைக்கு மேல் தோசை அடுக்கியதுபோல் பனிக்கட்டி உயரும். ஜூலை வெயிலிலும் அது முழுதாகக் கரைவதில்லை. கோடையில் மக்கள் குடும்பத்தோடு போய் அதன்மேல் நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள்.

ஏரியை வடித்த பேராசிரியர்

ஏரி இருந்தால் அடியில் மண் இளகும். சரி, ஏரி இல்லாமல் போனால்?

இதைப் பார்க்க ஆசைப்பட்டவர் ராஸ் மெக்கே. அவர் கனடா நாட்டில் புவியியல் பேராசிரியர். கனடாவின் வட கோடியில் மெக்கன்சி ஆறு கடலில் கலக்கிறது. அங்கே ஒரு சிறிய ஏரியை அவர் தேர்ந்தெடுத்தார். ஏரியின் தரையில் துளை போட்டு அடியிலுள்ள மண்ணை ஆராய்ந்தார். நடுவில் சுமார் 30 மீட்டர் ஆழம் வரை மண் உறையாமல் இருந்தது. 1978 ஆகஸ்டில் கால்வாய் வெட்டி ஏரியைக் கடலில் வடித்துவிட்டார். அந்த இடத்துக்கு இல்லிசார்விக் என்று பெயர் வைத்தார்கள். அங்குள்ள மக்களின் மொழியில் அதற்குக் 'கற்கும் இடம்' என்று பொருள்.

முதல் குளிர்காலத்திலேயே காய்ந்த ஏரியின் தரை உறையத் தொடங்கியது. மூடி போய்விட்டது அல்லவா? ஒவ்வோர் ஆண்டும் உறைந்த மண் கீழே கீழே போனது. மெக்கே பல ஆண்டுகள் அங்கே திரும்பத் திரும்பப் போய் அளந்தார். ஓர் ஏரி வந்தால் அடியில் மண் இளகுகிறது. ஏரி போனால் மண் மறுபடி உறைகிறது. இதை நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே.

அங்கே இன்னொரு வேடிக்கை உண்டு. மண் மேலிருந்தும் ஓரங்களிலிருந்தும் உறையும்போது நடுவில் மிஞ்சிய தண்ணீர் சிக்கிக்கொள்ளும். தப்ப வழியில்லை. அது மேலே உள்ள மண்ணைத் தூக்கும். தானும் உறையும். சமவெளியில் திடீரென்று ஒரு குன்று எழும்பும். அதற்குப் பிங்கோ என்று பெயர். உள்ளே பனிக்கட்டி, வெளியே மண் போர்வை. அந்தப் பகுதியிலுள்ள ஒரு பிங்கோ சுமார் 49 மீட்டர் உயரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மெல்ல வளர்ந்த குன்று அது. பழைய ஏரி ஒன்று இருந்து வற்றியதற்கு அது சாட்சி.

வீடும் ஓர் ஏரி போலத்தான்

ஏரி மட்டுமா மண்ணை இளக்கும்? மண்ணின் மேல் சூடாக எது இருந்தாலும் இளக்கும். வீடு கட்டி உள்ளே அடுப்பு மூட்டினால் தரை சூடாகும். தரைக்கு அடியில் ஒரு தாலிக் உண்டாகும். மண் சேறாகும். வீடு ஒருபக்கம் சாயும். யாகுட்ஸ்கில் பழைய மரவீடுகள் பல ஜன்னல் வரை மண்ணுக்குள் இறங்கிப் போயிருக்கின்றன.

அதனால் அங்கே பெரிய கட்டடங்களைத் தூண்கள் மேல் கட்டுகிறார்கள். உறைநிலத்தில் ஆழமாகத் துளை போட்டுத் தூணை இறக்குவார்கள். சுற்றிலும் மண் உறைந்து தூணை இறுகப் பிடித்துக்கொள்ளும். கட்டடத்துக்கும் தரைக்கும் நடுவில் ஆள் குனிந்து போகும் அளவு இடைவெளி விடுவார்கள். குளிர்காற்று அதில் புகுந்து போகும். வீட்டுச் சூடு மண்ணைத் தொடாது. தண்ணீர்க் குழாய்களையும் புதைப்பதில்லை. தெருவில் தலைக்கு மேலே கொண்டு போகிறார்கள். ஊரின் அழகு கெட்டுப்போகிறதுதான். ஆனால் வீடு நிற்கிறது.

காட்டை வெட்டினாலும் இதே கதிதான். மரநிழல் போகும். வெயில் நேரே மண்ணில் விழும். சில இடங்களில் உறைநிலத்துக்குள் சுத்தமான பனிக்கட்டியே பெரிய பெரிய ஆப்பு போல் நிற்கிறது. அது உருகினால் நிலம் பள்ளமாகும். பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் அடியில் இன்னும் இளக்கும். குட்டை ஏரியாகும். ஏரி ஒருநாள் வற்றினால் வட்டமான புல்வெளி மிஞ்சும். இதைச் சாகா மக்கள் அலாஸ் என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தப் புல்லை நம்பித்தான் அவர்கள் மாடு வளர்த்தார்கள். அலாஸ் உண்டாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன.

இப்போது அந்த மாற்றம் மனிதர் கண்ணெதிரே நடக்கிறது. யாகுட்ஸ்குக்குக் கிழக்கே சுரப்சா என்ற ஊர் இருக்கிறது. அங்கே முன்பு சமமாக இருந்த விமானத் தளம் இன்று மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. வயல்கள் முட்டை அடுக்கும் அட்டை போல் ஆகிவிட்டன. சிலர் வீட்டை விட்டே போய்விட்டார்கள்.

ஒரு டிகிரிக்கும் குறைவு

2007 முதல் 2016 வரை உலகின் பல பகுதிகளில் உறைநிலத்தின் ஆழத்தில் வெப்பத்தை அளந்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் சராசரியாக சுமார் 0.3 டிகிரி கூடியிருந்தது. அரை டிகிரிகூட இல்லையே, இதற்கா கவலை என்று தோன்றும். சைபருக்குக் கீழே 8 டிகிரியில் உள்ள மண்ணுக்கு அது பெரிதில்லை. அது உறைந்தேதான் இருக்கும். சைபருக்குக் கீழே கால் டிகிரியில் நிற்கும் மண்ணுக்கோ அது வாழ்வா சாவா என்ற கணக்கு. கல் போல் இருந்த மண் கூழாகிவிடும்.

பனி அதிகம் பெய்தாலும் மண் சூடாகும் என்பது இன்னொரு புதிர். பொழிந்து கிடக்கும் பனியில் காற்று நிறைய அடைந்திருக்கும். அது மண்ணுக்குக் கம்பளி போர்த்தியதுபோல். வெளிக் குளிர் மண்ணுக்குள் இறங்காது. அலாஸ்காவில் 2017-18 குளிர்காலத்தில் குளிர் குறைவு. பனிப்பொழிவு அதிகம். கோடையில் இளகிய மேல் மண் பல இடங்களில் அந்தக் குளிர்காலத்தில் முழுவதும் உறையவில்லை. ஏரி இல்லாத இடத்திலும் தாலிக் முளைத்துவிட்டது.

இதில் உலகம் முழுவதற்கும் ஒரு கவலை இருக்கிறது. உறைநிலத்தில் பழங்காலத்துச் செடி, வேர், இலை எல்லாம் மக்காமல் கிடக்கின்றன. குளிர்பெட்டியில் வைத்த காய்கறி போல. மண் இளகினால் அவை மக்கும். மக்கும்போது கரியமில வாயுவும் மீத்தேன் வாயுவும் கிளம்பும். இவை காற்றைச் சூடாக்கும் வாயுக்கள். இன்று காற்றில் உள்ள கரியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கரி உறைநிலத்தில் அடைபட்டிருக்கிறது.

இமயமலையிலும் உறைநிலம்

உறைநிலம் எங்கோ வடதுருவத்துப் பக்கம் இருப்பது, நமக்கென்ன என்று நினைத்துவிட முடியாது. உயரமான மலையிலும் குளிர் அதிகம். லடாக், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், சிக்கிம் ஆகிய இடங்களின் உயர்ந்த மலைகளில் உறைநிலம் உண்டு. அங்கே கல்லும் மண்ணும் கலந்த செங்குத்தான சரிவுகளை மண்ணுக்குள் உள்ள பனிக்கட்டிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சிக்கிமில் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் தெற்கு லோனாக் என்ற ஏரி இருக்கிறது. பனியாறு உருகி உண்டான ஏரி அது. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க ஏரி பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் ஓரத்தில் பனியாறு விட்டுச்சென்ற கற்குவியல் ஒரு கரை போல் உயர்ந்து நின்றது. அந்தக் கரை உறைநிலம்.

2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு அந்தக் கரையின் ஒரு பகுதி சரிந்து ஏரிக்குள் விழுந்தது. சுமார் ஒன்றரைக் கோடி கன மீட்டர் கல்லும் மண்ணும் பனிக்கட்டியும் விழுந்தன. ஏரியில் சுமார் 20 மீட்டர் உயரத்துக்கு அலை எழுந்தது. சுனாமி போன்ற அலை. அது ஏரியின் வாயை உடைத்தது. தீஸ்தா பள்ளத்தாக்கில் வெள்ளம் பாய்ந்தது. 60 கிலோமீட்டருக்கும் கீழே சுங்தாங் என்ற இடத்தில் மின்சாரம் தயாரிக்கக் கட்டிய பெரிய அணை இருந்தது. நள்ளிரவு கடந்ததும் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் காணவில்லை. வீடுகளும் பாலங்களும் சாலைகளும் போயின.

பிறகு அறிஞர்கள் பல நாடுகளிலிருந்து சேர்ந்து ஆராய்ந்தார்கள். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தார்கள். அந்தக் கரை பல ஆண்டுகளாகவே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. ஆனால் கரைக்குள் மண்ணின் வெப்பம் எவ்வளவு இருந்தது? அதை அளக்க அங்கே எந்தக் கருவியும் புதைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அந்த உயரத்துக்குக் கருவிகளைக் கொண்டுபோவதும் எளிதில்லை.

நம் நாட்டில் இந்த வேலை சில இடங்களில் தொடங்கியிருக்கிறது. லடாக்கில் லே நகரிலிருந்து கார்துங் லா கணவாய்க்கு ஒரு சாலை மேலே போகிறது. அந்தச் சாலையில் தெற்குப் புல்லு என்ற இடம் சுமார் 4,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள தேசிய நீரியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அந்தப் பகுதியில் 2015 முதல் 2017 வரை அளவெடுத்தார்கள். வெப்பத்தைத் தானே குறித்துக்கொள்ளும் கருவிகளை மண்ணில் புதைத்தார்கள். காற்று எவ்வளவு குளிர், பனி எவ்வளவு, மண் எவ்வளவு குளிர் என்று குறித்தார்கள். மிடென்டார்ஃப் கிணற்றின் சுவரில் துளை போட்டு வைத்த வெப்பமானி செய்த வேலையைத்தான் இந்தக் கருவிகளும் செய்கின்றன. ஆள் இறங்க வேண்டியதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

ஷெர்கினின் கிணறு இன்றும் யாகுட்ஸ்கில் இருக்கிறது. அதன் மேல் மரத்தால் ஒரு சிறிய வீடு கட்டிப் பாதுகாக்கிறார்கள்.